சம்பந்தி வீட்டின் மேல் ஏறிய மாடி

எங்கள் மெத்தைக்கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் மாடிக்காரர். அவர் வீட்டில் மாடி கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர்.

முதலில் உறவைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப்போகக் குழப்பம் வரும். என் மாமனாரும் அவருடைய அப்பாவும் கூடப்பிறந்தவர்கள்; என் மாமனார் மூத்தவர். ஆக, எனக்கு அவர் கொழுந்தன். அவர் மனைவி எனக்கு ஓரகத்தி. என் சித்தியின் நாத்தனார் மகளும் அவள்தான். ஆனால் இரண்டு வழியிலும் அவள் கூப்பிடுவது "அக்கா" என்றுதான். கொழுந்தனைக் கேலி செய்ய அண்ணிக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நான் இதுவரை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.

மனுஷன் நல்லவர். மெத்தை தைத்தால் இருபது வருஷத்துக்கு முடிச்சு அவிழாது. ஆனால் அவர் வாயைத் திறந்தால் "மாடி கட்டினதும்" என்றுதான் ஆரம்பிக்கும். கல்யாணமான புதிதில் பெண்டாட்டி அலமாரி கேட்டாள். "மாடி கட்டினதும் வாங்கலாம், இப்ப வாங்கினா எங்க வைக்கிறது?" என்றார். ஊரிலிருந்து விருந்தாளி வருகிறோம் என்றால், "மாடி கட்டினதும் வாங்க, சௌகரியமா இருக்கும்" என்பார். பழைய சாமான் கடையில் இரும்புக் கைப்பிடி ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று, மாடிக்குக் கட்டப்போகும் புதுப் படிக்கட்டுக்காக வாங்கிப்போட்டார். படிக்கட்டு வராத அந்தக் கைப்பிடியில் முப்பது வருஷம் துண்டு காய்ந்தது.

அவர் வீடு சாதாரண வீடு இல்லை. அந்தக் காலத்தில் ஊருக்குள் வரும் வண்டிகளை நிறுத்தி வரி வாங்கிய சாவடி. முன்னால் இரண்டு கல் தூண், நடுவில் பாரவண்டி நுழையும் அளவுக்கு ஒரு வளைவு, முழங்கை நீளத் தடிமனில் சுவர். அவருடைய தாத்தாவின் அப்பா அதை ஏலத்தில் எடுத்தார். வளைவுக்குள் மெத்தைக்கடை, பின்னால் இரண்டு அறையில் குடித்தனம். பக்கவாட்டில் பதினாலு கல்படி ஏறினால் மொட்டைமாடி. காலை வெயில் ஏறியதும் பஞ்சு மூட்டையைத் தோளில் போட்டு ஏறுவார். விரித்துக் காயவைத்து, கோலால் அடித்து, மாலையில் அள்ளிவருவார். மெத்தைக்காரருக்கு வெயிலும் ஒரு முதலாளி.

ஒருநாள் அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், தூணை அளந்தார்கள், போகும்போது ஒரு பலகையை அடித்துவிட்டுப் போனார்கள். இருநூறு வருஷப் பழமையான கட்டடம், பாதுகாக்கப்பட்டது, இடிக்கக்கூடாது, மேலே கட்டவும் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

"பாருங்க அண்ணி, என் வீட்டுக்கு எனக்கே வயசு சொல்லிட்டுப் போறாங்க" என்றார் என்னிடம்.

"வயசு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். மாடி போச்சே கொழுந்தனாரே! இனிமே உங்களை எப்படிக் கூப்பிடறது?"

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத் தைத்த மெத்தையில் முதல்முறையாக ஒரு மூலை கோணலாகிப்போனது.

மாடி அவருக்கு வீம்பு மட்டும் இல்லை. ஒரே மகள். கட்டிக்கொடுத்தது இதே ஊரில்தான். மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் வேலை. மூன்று தெரு தள்ளி வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரருடைய மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது, வீட்டைக் காலி செய்து கொடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அதே சமயம் கம்பெனியில், ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போகும் தூரத்து ஊரில் வேலையும் இருக்க வீடும் தருகிறோம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்கள். இங்கே வீடு இருந்தால் இருப்பார்கள். இல்லாவிட்டால் மகளும் நாலு வயதுப் பேத்தியும் ரயில் ஏறுவார்கள். மாடி இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. முப்பது வருஷமாகக் கட்டாத மாடி அப்போதுதான் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு போனார். அங்கே கோப்புகளைப் பார்க்கிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள், எல்லோரும் கோப்பம்மா என்பார்கள். என் அக்கா மருமகளுக்கு அவள் சித்தி. அதனால் அந்த அலுவலகத்தில் நடந்தது ஒன்றுகூட எனக்குத் தப்பவில்லை.

கோப்பம்மா பொறுமையாகத்தான் சொன்னாளாம். "ஐயா, ஒவ்வொரு மனைக்கும் இவ்வளவு கட்டலாம்னு ஒரு அளவு இருக்கு. உங்க மனையில கீழ்த்தளம் போக இன்னும் ஒரு மாடி கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனா கட்டடம் பழசு, பாதுகாக்கணும், அதனால அங்க கட்டவிடமாட்டோம். அதுக்காக உங்க உரிமையை நாங்க முழுங்கிடலை. அதை வேற மனைக்கு மாத்திக் கொடுக்கலாம். அகலமான ரோடா இருக்கணும், அவ்வளவுதான். அந்த மனைக்காரங்க வழக்கமா கட்டற அளவுக்கு மேல உங்க அளவையும் சேர்த்துக் கட்டிக்கலாம்."

"அப்ப என் மாடி இன்னொருத்தர் வீட்டு மேல ஏறும்."

"ஆமாங்க."

"பழைய பஸ் டிக்கெட்டை வேற பஸ்ல காட்டற மாதிரி."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

வீட்டுக்கு வந்து சொன்னார். பெண்டாட்டி பஞ்சு பிய்த்துக்கொண்டே கேட்டாள். நாலு பிடி பிய்த்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நம்ம சம்பந்தி வீடு அகலமான ரோட்டுலதானே இருக்கு."

சம்பந்தி யாரென்று சொல்ல வேண்டும். முப்பத்துநாலு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் "உள்ள தள்ளி உக்காருங்க, உள்ள தள்ளி உக்காருங்க" என்றுதான் சொல்வார். அவர் வீட்டில் கீழே அவரும் மனைவியும். மேல்தளத்தில் மூத்த மகன் குடும்பம், ஐந்து பேர். அதற்கு மேல் கட்ட அவருக்கு அளவு இல்லை. இளைய மகன்தான் நம் மாப்பிள்ளை. கல்யாணப் பேச்சு நடந்தபோதே இரண்டு சம்பந்திகளுக்கும் உரசல். பந்தலில் யாருடைய நாற்காலியை முன்னால் போடுவது என்பதில் ஆரம்பித்தது. அது எங்கேயும் முடியவில்லை.

"என்னது? என் மாடியைத் தூக்கி அந்தாள் தலையில வைக்கணுமா?" என்று குதித்தார் மாடிக்காரர். "எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்டி!"

"எங்கங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்" என்றாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே காகம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"பொண்ணு ரயில் ஏறட்டுமா, மாடி சம்பந்தி வீட்டுல ஏறட்டுமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. கட்டி முடியற வரைக்கும் அவங்க நம்ம பஞ்சு மூட்டைக்கு நடுவுல படுத்துக்கட்டும்."

மூன்று நாள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். நாலாவது நாள் மகள் மூலம் சம்பந்தியின் சம்மதத்தைக் கேட்டு வாங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு நகராட்சிக்குக் கிளம்பினார். மகளும் வாரிசு என்று கூடப்போய்க் கையெழுத்துப் போட்டாள். சம்மதக் கையெழுத்துதான் அது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்ல மூன்று வாரம். அதற்குப் பிறகு கடைசிக் கையெழுத்து. அது விழுந்தால்தான் உரிமை கைமாறும்.

இந்த மூன்று வாரத்தில்தான் எங்கள் ஆள் காரியத்தைக் கெடுத்துக்கொண்டார்.

அவர் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவருக்கென்று தைத்த மெத்தையில் கடைசி முடிச்சு விழுந்துவிட்டால் பிறகு அதன்மேல் யாரும் உட்காரக்கூடாது, சாயக்கூடாது, பூனைகூட ஏறக்கூடாது. "அது இனிமே அடுத்தவங்க சொத்து" என்பார். அதே புத்தியோடு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மறுநாள் மொட்டைமாடியைக் காலி செய்ய ஆரம்பித்தார். துணிக்கொடியை அவிழ்த்தார். பூந்தொட்டிகளைக் கீழே இறக்கினார். தண்ணீர்த் தொட்டியை நாலு ஆள் வைத்து இறக்கி முற்றத்தில் வைத்தார். குழாயில் தண்ணீர் வராமல் பெண்டாட்டி வாளியோடு நின்றாள்.

"என்னங்க கூத்து இது?"

"கூரைக்கு மேல இருக்கிறது சம்பந்திக்குக் கொடுத்தாச்சு. கொடுத்ததை நாம தொடலாமா?"

"அவர் வந்து கேட்டாரா?"

"கேக்கற வரைக்கும் வச்சிருக்கிறவன் நான் இல்லை."

பஞ்சு எங்கே காயும்? தெருவில். வளைவுக்கு முன்னால் சாக்கு விரித்துப் பஞ்சைப் பரப்பினார். பகல் பதினொரு மணிக்குக் காற்று வந்தது. எதிர்வீட்டுத் தட்டச்சுக்காரி தலை நரைத்துப்போய் வேலைக்குப் போனாள். மிதிவண்டிக் கடைக்காரர் ஒரு மணி நேரம் தும்மினார். தபால்காரர் கொடுத்த கடிதங்களில் எல்லாம் வால் முளைத்திருந்தது. நானும் போய்ப் பார்த்தேன். தெருவில் ஒரு மேகம் இறங்கி வழி தெரியாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

அந்த நேரம் கண்டக்டர் சம்பந்தி அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன சம்பந்தி, ரோட்டுக்கே மெத்தை தைக்கிறீங்களா?"

"மேல காயப்போட முடியாது சம்பந்தி. அது இப்ப உங்களுது."

கண்டக்டருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கட்டுகிற உரிமைதான் போகிறது, வெயிலும் காற்றும் மொட்டைமாடியும் இருந்த இடத்தில்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சம்பந்தி, உங்களுக்காக ஒரு சலுகை. காலையில ஒன்பதுல இருந்து மூணு வரைக்கும் மேல காயப்போட்டுக்கங்க. மூணுக்கு மேல வேண்டாம்" என்றார்.

"பெரிய மனசு உங்களுக்கு" என்றார் எங்கள் ஆள். மனசாரச் சொன்னார்.

ஏறத்தாழ மூன்று வாரம் ஒன்பது மணிக்கு ஏற்றினார். மூன்று மணிக்கு, கடிகாரத்தைப் பார்த்து, நல்ல வெயில் இருக்கும்போதே அள்ளி இறக்கினார். ஒருநாள் மூன்றே கால் ஆகிவிட்டது என்று சம்பந்தி வீட்டுக்கு ஆளனுப்பி மன்னிப்பும் கேட்டார். கண்டக்டர் இதை டீக்கடையில் சொல்லாமல் இருப்பாரா? டீக்கடையிலிருந்து அது சலூனுக்குப் போனது. சலூனில் எங்கள் ஆள் முகம் மழிக்க உட்கார்ந்திருந்தபோது நாவிதர் கேட்டார்:

"ஐயா, இன்னைக்கு மூணு மணி வரைக்கும்தானே? சீக்கிரம் முடிச்சு விட்டுடறேன்."

சலூனே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது, மொட்டைமாடி என்றைக்கும் அவருடையதுதான் என்ற விஷயம் முழுசும் வெளியே வந்துவிட்டது. ஒரு கன்னம் மழித்தது, ஒரு கன்னம் நுரை. அப்படியே துண்டை உருவிப்போட்டு எழுந்து நேராக நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தார். மறுநாள் மாதக் கடைசி. மாப்பிள்ளை பதில் சொல்ல வேண்டிய நாள்.

"கொடுத்ததைத் திரும்ப வாங்கணும்" என்றார் கோப்பம்மாவிடம்.

கோப்பம்மா நுரைக் கன்னத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு படிவத்தை நீட்டினாள். "வாபஸ் வாங்கறதுன்னா காரணம் எழுதணும் ஐயா. இந்தக் கட்டத்துல."

அவர் யோசித்து "மனக்கஷ்டம்" என்று எழுதினார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அதெல்லாம் ஒத்துக்கமாட்டாங்க. சொத்துல தகராறு, வாரிசு சம்மதிக்கலை, அந்த மாதிரி இருக்கணும்."

அடித்துவிட்டு "வாரிசு சம்மதிக்கவில்லை" என்று எழுதினார்.

"உங்க வாரிசு உங்க பொண்ணுதானே? இடுப்புல குழந்தையோட வந்து கையெழுத்துப் போட்டாங்களே. வெளியூர் போகவேண்டாம்னு சொல்லி அன்னைக்கு இந்த மேசை முன்னாடிதான் அழுதுட்டாங்க. அவங்களா சம்மதிக்கலை?"

அவர் அதையும் அடித்தார். பிறகு உண்மையையே எழுதினார். கோப்பம்மா வழக்கப்படி அதைச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தாள்.

"காரணம்: சம்பந்தி கேலி செய்தார். சரியா இருக்குங்களா? மேலதிகாரிக்கு அனுப்பிடலாமா?"

அறையில் இருந்த ஆறு பேனாவும் நின்றன. அவருக்குக் காது சிவந்தது. நுரை காய்ந்து கன்னத்தில் அப்பளமாக வெடித்திருந்தது.

இதற்குள் அவர் பெண்டாட்டிக்குச் சேதி எட்டி, அவள் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டிருந்தாள். "நீங்க பண்ணின வேலைக்கு எம்பொண்ணு ரயில் ஏறணுமா சம்பந்தி?" என்ற ஒரே கேள்விதான் கேட்டாளாம். கண்டக்டர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் பெஞ்சில் எங்கள் ஆள் பக்கத்தில் உட்கார்ந்தார். தள்ளி உட்காரச் சொல்லவில்லை.

"சம்பந்தி."

எங்கள் ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திட்டறதா இருந்தா திட்டிடுங்க."

"பொண்ணைக் கொடுத்தேன். மாடியையும் கொடுத்தேன். இன்னும் என்னய்யா வேணும் உங்களுக்கு? ஊரே சிரிக்குது."

கண்டக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு மட்டும் பெருமையா? பெத்த பிள்ளைக்கு ஒரு ரூம் கட்ட எனக்கு அளவு இல்லை. சம்பந்திகிட்ட மாடி வாங்கித்தான் பிள்ளையைக் குடிவைக்கிறான்னு நாளைக்கு என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க. நீங்க வந்து 'உங்களுது, உங்களுது'ன்னு சொன்னீங்களா... மூணு வாரம் நான் கொடுக்கிற ஆளா இருந்து பாத்தேன். அவ்வளவுதான் விஷயம். தப்புதான்."

மாடிக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு வாய்க்குள் சேர்த்துவைத்திருந்தது எல்லாம் வீணாகிப்போனது.

"மூணு மணின்னு ஏன் வச்சீங்க? நாலு வரைக்கும் விட்டிருக்கலாம். பஞ்சு சரியாவே காயலை" என்றார் கடைசியில்.

"அப்ப ஆறு வரைக்கும் வச்சுக்கங்க."

"யோவ், அது என் மொட்டைமாடி!"

கோப்பம்மா வாபஸ் படிவத்தை எடுத்துக் கிழித்துக் கூடையில் போட்டாள். மூன்று வாரம் முடிந்திருந்தது, ஆட்சேபம் யாரும் சொல்லவில்லை, இரண்டு பேரும் எதிரில் இருக்கிறார்கள், இன்றைக்கே முடித்துவிடலாம் என்றாள். முடிப்பதற்கு முன் சட்டப்படி ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா உங்க கட்டடம் எப்பவும் இப்படியேதான் இருக்கும் ஐயா. யாரும் இடிக்க முடியாது. யாரும் மேல கட்டவும் முடியாது. உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் இதுதான்."

"என் பேத்தி வளர்ந்து, கட்டணும்னு ஆசைப்பட்டா?"

"முடியாதுங்க."

அவர் உடனே போட்டுவிடவில்லை. முப்பது வருஷம் வாயில் வைத்திருந்ததைத் துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாராம். கோப்பம்மா இதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள். பிறகு போட்டார்.

கையெழுத்து விழுந்தவுடன் கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். பதிவுக்குப் படம் வேண்டுமாம். "முகத்தைக் கழுவிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். கணினி அதற்குள் எடுத்துவிட்டது. பாதி தாடி, பாதி மழிப்பு. நகராட்சி இருக்கிற வரைக்கும் அந்தக் கோப்பில் அவர் அப்படித்தான் இருப்பார். நான் பார்க்கவில்லை. ஒருநாள் பார்க்காமல் விடமாட்டேன்.

மறுநாள் மாப்பிள்ளை கம்பெனியில் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். ஒன்பது மாசம் அவர்கள் மெத்தைக்கடையில் இருந்தார்கள். குழந்தை பஞ்சில் விழுந்து புரண்டதில் அந்த வருஷம் தைத்த மெத்தைகளில் ஏதோ ஒன்றுக்குள் அவளுடைய ஒரு காலுறை இருக்கிறது. எதற்குள் என்று யாருக்கும் தெரியாது. அங்கே கண்டக்டர் வீட்டில் கட்டடம் ஏறியது. எங்கள் ஆள் தினமும் போய் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தே, செங்கல் கோணல், பூச்சு மெல்லிசு, ஜன்னல் சின்னது என்று சொல்லாத குறை இல்லை. "சம்பந்தி, இது என் வீடு" என்று கண்டக்டர் சொல்வார். "கீழ ரெண்டும் உங்களுது. இது நம்மளுது" என்பார் இவர். கொத்தனார் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்குக் கட்டினார்.

குடிபுகுந்த பிறகு என்னைக் கூட்டிப்போனார், மாடியைக் காட்டுகிறேன் என்று. கண்டக்டரும் அவர் மனைவியும் கீழே காபி கொடுத்தார்கள். அப்புறம் ஏற ஆரம்பித்தோம். முதல் தளம் வரைக்கும் பேசிக்கொண்டே ஏறினார். அதற்கு மேல் பேச்சு நின்றது. திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன கொழுந்தனாரே, முப்பது வருஷ ஆசை, பாதியில நிக்குது?"

"அண்ணி... மாடின்னா இவ்வளவு படி இருக்கும்னு... யாரும் சொல்லலையே எனக்கு."

மேலே கதவு திறந்தது. மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இன்னும் எட்டுப் படிதான். வாங்க. வாங்க பெரியம்மா."

"எட்டா?" என்றவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீதான் கீழ இறங்கி வாயேன்டி."

"சரி, இருங்க" என்று அவள் இறங்கி வந்தாள்.